எலும்பு ஒட்டினால் மட்டும் போதுமா?

வடுகபட்டி என்றால் பூண்டு. பூண்டு என்றால் வடுகபட்டி. பெரியகுளத்தைக் கடந்து வரும் பேருந்தில் கண்ணயர்ந்திருப்பவருக்குக்கூட ஊர் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். கொடைக்கானல் மலையில் விளைந்ததும், வடமாநிலங்களிலிருந்து லாரியேறி வந்ததுமாகச் சந்தை நாளில் பூண்டு குவிந்து கிடக்கிறது. அதன் விலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மணத்தைப் பற்றியும் மருத்துவ குணத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். அந்த மூட்டைகளைத் தாங்கும் முதுகெலும்பைப் பற்றியோ, விடியற்காலையிலிருந்து மடக்கிய காலை நீட்டாமல் பூண்டைத் தரம் பிரிக்கும் முழங்காலைப் பற்றியோ பேசியவர் உண்டா? மேல்நிலை இரண்டாம் ஆண்டில் செவிலியப் பிரிவு எடுத்துப் படிக்கும் நாங்களே இவ்வாண்டுவரை பேசியதில்லை.

எலும்பு மண்டலம் எங்களுக்கு மனப்பாடம். வளர்ந்த மனிதருக்கு 206 எலும்புகள், 600க்கும் மேற்பட்ட தசைகள், தொடை எலும்பே உடலில் மிக நீளமானது என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்போம். நோயாளியை எப்படி ஆராய வேண்டும் என்பதும் தெரியும். முதலில் கேட்க வேண்டும், பிறகு பார்க்க வேண்டும், பிறகு தொட வேண்டும், கடைசியில்தான் அசைத்துப் பார்க்க வேண்டும். "படித்ததெல்லாம் சரி. சந்தைக்குப் போய் நாலு பேரைக் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று எங்கள் ஆசிரியை அனுப்பிவைத்த அன்றுதான், முதற்படியான 'கேட்பதே' எங்களுக்குத் தெரியாது என்பது தெரிந்தது.

நோட்டும் பேனாவுமாகச் சென்று, பூண்டின் தாளை நறுக்கிக்கொண்டிருந்த பெண்களிடம், "உங்கள் வலி மந்தமானதா, கூர்மையானதா?" என்று புத்தகத்தில் உள்ளபடியே கேட்டோம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "வலின்னா வலிதான் தாயி. அதுல என்ன மந்தம்?" என்றார் ஒரு பெரியம்மா. பக்கத்தில் இருந்த முதிய ஆத்தாதான் எங்கள்மேல் இரக்கப்பட்டுப் பாடம் நடத்தினார். "முட்டி கடுக்கும். கெண்டக்காலு உளையும். இடுப்புல இருந்து குதிகால் வரைக்கும் வெட்டி இழுக்கும். வெரலு மதமதன்னு போகும். சீக்கட்டி வந்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். இதுல எத எழுதப் போறீக?"

தோழியரே, ஒரு பாடநூல் முழுவதும் அந்த ஐந்து சொற்களில் அடங்கிவிட்டது! உளைச்சல் என்பது நாள் முழுவதும் உழைத்த தசையின் குரல், ஓய்வெடுத்தால் அடங்கும். கடுப்பு பெரும்பாலும் மூட்டிலிருந்து வருவது. இடுப்பில் தொடங்கிக் கால்வழியே வெட்டி இழுத்தால், முதுகுத்தண்டின் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதோ என்று ஐயுற வேண்டும். மதமதப்பும் எரிச்சலும் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வும் நரம்பு சிக்கியிருப்பதற்கு அடையாளங்கள். விண்ணென்று தெறித்தால் அங்கே அழற்சியோ சீழோ இருக்கலாம். வேறு ஊரிலிருந்து இம்மாவட்டத்துக்குப் பணிக்கு வரும் செவிலியர் யாராயினும், இரத்த அழுத்தக் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் இச்சொற்களைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

காலை விறைப்பைப் பற்றிக் கேட்டபோதும் இப்படித்தான். எத்தனை நிமிடம் என்றால் பதில் இல்லை. "காப்பித்தண்ணி குடிச்சு முடிக்கிற மட்டும் கால நீட்ட முடியாது" என்றார் ஒருவர். "சோறு வடிச்சு எறக்குற வரைக்கும் வெரலு மடங்காது" என்றார் இன்னொருவர். இந்த இரண்டு பதில்களுக்கும் இடையே இரண்டு நோய்கள் இருக்கின்றன. அரைமணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும் விறைப்பு, முழங்காலில் குருத்தெலும்பு தேய்வதால் வருவதாக இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் ஒன்றுபோல வீங்கியிருந்தால் அது முடக்குவாதமாக இருக்கக்கூடும். அதைத் தைலம் தேய்த்துக் காலம் கடத்தக்கூடாது. முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே அது மூட்டை அரித்துவிடும். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் விரல்கள் கோணாமல் காக்க முடியும். விரல் மடங்காத அந்த அக்காவைப் பெரியகுளம் அரசு மருத்துவமனைக்குச் செல்லும்படி வற்புறுத்தினோம். "போனா ஒருநாள் கூலி போச்சே" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

முதுகுவலி என்று எல்லோரும் சொல்வதாலேயே அதை எவரும் பொருட்படுத்துவதில்லை. மூட்டை தூக்கினால் வலிக்கத்தானே செய்யும்! ஆனால் படுத்து ஓய்வெடுத்தாலும் இரவில் தணியாத வலி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவை சேர்ந்து வந்தால் காசநோயை நினைக்க வேண்டும். காசம் நுரையீரலுக்கு மட்டுமே உரியதன்று, முதுகெலும்பையும் பற்றும். அப்போது இருமல் இல்லாமலும் இருக்கலாம். பிடிப்பு என்று நீவிக்கொண்டே இருந்தால் ஒருநாள் கால்கள் இரண்டும் செயலற்றுப் போகலாம். காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

பார்ப்பது என்ற கலையை எங்களுக்குச் சந்தைத் தரையே கற்பித்தது. நோயாளி வந்து உட்கார்ந்த பிறகு முழங்காலைப் பார்ப்பதைவிட, அவர் நடந்து வருவதைப் பார்ப்பது மேல். செருப்பின் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது? தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றித் தன்னைத்தானே மேலே தள்ளிக்கொள்கிறாரா? ஒரு கால் முழங்காலில் வில்போல் வளைந்திருக்கிறதா? பிறகு தொடும்போது வலியில்லாத பக்கத்தை முதலில் தொட வேண்டும். வலிக்கும் இடத்தைக் கடைசியில் தொடுபவரையே நோயாளி நம்புவார். தசையின் வலிமைக்குச் சுழி முதல் ஐந்துவரை மதிப்பெண் உண்டு. சிறு துடிப்பும் இல்லையேல் சுழி. எவ்விதத் தாங்கலுமின்றிக் காலை மேலே தூக்க முடிந்தால் மூன்று. நாம் கையால் அழுத்தித் தடுத்தும் முழு வலுவோடு தூக்கினால் ஐந்து. எங்கள் ஆத்தா, நாங்கள் இருவர் அழுத்தியும் ஐந்துக்கு ஐந்து வாங்கினார். எங்களுக்குள் ஒருத்தி நாலுதான்!

முழங்காலை முற்றிலும் மடக்கி மணிக்கணக்கில் அமர்வது மூட்டுக்குள் பெரும் அழுத்தத்தை உண்டாக்குகிறது. பூண்டை உயரமான பலகையில் கொட்டி, பெண்கள் இருக்கையில் அமர்ந்து பிரித்தால் என்ன, பூண்டின் விலை குறைந்துவிடுமா? இதை ஒரு வியாபாரியிடம் கேட்டோம். "எடம் அடைக்கும் பாப்பா" என்றார். பெண்களையும் கேட்டோம். "கீழ ஒக்காந்தாத்தான் கை ஓடும்" என்றார்கள். ஆகவே குற்றத்தை ஒருவர் தலையில் மட்டும் சுமத்த எங்களால் இயலவில்லை.

இனி நாங்கள் சொல்லப்போவது எங்களுள் ஒருத்தியின் வீட்டில் நடந்தது. அவள் ஒப்புதலோடு எழுதுகிறோம்.

அவளுடைய அம்மாச்சி கொல்லையில் தண்ணீர்த் தொட்டியருகே வழுக்கி விழுந்தார். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதி முறிந்தால் இப்படித்தான் இருக்கும் என்று எங்கள் நோட்டில் படமே வரைந்திருக்கிறோம். அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். மருத்துவர் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார். "இந்த வயசுல கத்தி வைக்கிறதா?" என்று உறவினர் கூடிப் பேசித் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். நல்ல கட்டில், புது மெத்தை. பேரன் பேத்திகள் மாறி மாறி ஊட்டினார்கள். "அசையாம படுங்க அம்மாச்சி, அசைஞ்சா எலும்பு வெலகிரும்" என்று எல்லோரும் அன்போடு சொன்னார்கள். அவரும் சொன்னபடி அசையாமல் படுத்திருந்தார். மூன்றாவது வாரம் மெத்தையில் ஒரு வாடை வந்தது. திருப்பிப் பார்த்தால் வால் எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. கார்த்திகை பிறப்பதற்குள் அவர் போய்விட்டார்.

எலும்பு முறிவால் அவர் இறக்கவில்லை. படுக்கையே அவரைக் கொன்றது. எங்கள் தோழி அதே பருவத்தில், படுக்கைப் புண் பற்றிய வினாவுக்கு "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும்" என்று எழுதி முழு மதிப்பெண் பெற்றிருந்தாள். விடைத்தாள் அவளிடம் இன்றும் இருக்கிறது. அந்த விடை எங்கள் எல்லோருடைய விடைத்தாளிலும் இருந்தது. அம்மாச்சியைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு போயிருந்த எங்களில் ஒருத்திக்கும், அவரைச் சற்றே ஒருக்களித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

உடலின் எடை எலும்பு முனைகளின் வழியே மெத்தையை அழுத்துகிறது. இடையில் சிக்கிய தோலுக்கும் தசைக்கும் இரத்தம் செல்வதில்லை. வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு, முழங்கை, பின்மண்டை ஆகிய இடங்களே முதலில் கெடுபவை. தொடக்கத்தில் அந்த இடம் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருக்கும் என்கிறது புத்தகம். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு எங்கே தெரியும்? வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்ட வரி அது. நம் பாட்டிமார்களின் உடம்பில், அந்த இடம் சுற்றியுள்ளதைவிடக் கறுத்தோ ஊதா பாய்ந்தோ தோன்றும். புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடாக இருக்கும், இல்லையேல் தடித்துக் கெட்டியாக இருக்கும். அங்கே 'எரியுது' என்று அவரே சொல்வார், நாம் காது கொடுத்தால்.

இடுப்பு முறிந்த முதியவருக்கு இன்று வயதைக் காட்டி அறுவையை மறுப்பதில்லை. ஓரிரு நாட்களுக்குள் அறுவை செய்து, மறுநாளே கட்டிலில் உட்காரவைத்து, வாக்கரைப் பிடித்து நிற்கவைக்கவே மருத்துவர்கள் முயல்கிறார்கள். வலி குறைந்து எழுந்து உட்காரவேண்டும் என்பதற்காகவே அந்தக் கத்தி. உடல்நிலை காரணமாக அறுவை இயலாவிட்டாலும் செய்யத்தக்கவை பல. தலைப்பக்கம் உயர்த்திச் சாய்த்து வைக்கலாம். மூச்சை ஆழ இழுத்துவிடச் செய்யலாம். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொன்னால் காலில் இரத்தம் உறையாமல் தடுக்க உதவும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுக்கலாம். இதற்கெல்லாம் காசு எவ்வளவு ஆகும்?

படுத்தவர் எழுந்தென்ன சாதிக்கப் போகிறார் என்று கேட்பவர்களுக்கு வேலூரைச் சுட்டிக்காட்டுவோம். கேரளத்தில் 1925இல் பிறந்து, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அப்போது அவர் இளம் மருத்துவர். நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையை வேலூரில் செய்துகொண்டிருந்தார். அவரிடம் பயின்று, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேரி வர்கீஸ் அந்தக் கைகளைச் சீர்ப்படுத்தினார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986இல் மறைந்தார்.

அவருடைய மன உறுதியை எல்லோரும் போற்றுகிறார்கள், போற்றத்தான் வேண்டும். நாங்கள் நினைத்துப் பார்ப்பது வேறொன்றை. தண்டுவடம் பாதிக்கப்பட்ட உடலுக்கு வலி தெரியாது. புண் வந்தாலும் தெரியாது. இரவும் பகலும் யாரோ திருப்பிப் படுக்கவைக்காமல் அப்படிப்பட்டவர் சக்கர நாற்காலிவரை வந்து சேர முடியாது. அந்தக் கைகளின் பெயரை எந்தக் கல்வெட்டிலும் பொறிப்பதில்லை.

தண்டுவடக் காயம் நமக்கு வேலூர்க் கதை மட்டுமன்று. நம் பக்கத்தில் மாமரமும் தென்னையும் இலவமும் ஏறுகிறவர்கள் அநேகர். போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறி ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் நெருக்கியடித்துப் போகிறவர்கள் அநேகர். விழுந்தவரைத் தோளில் ஒருவரும் காலில் ஒருவருமாகத் தொட்டில்போல் தூக்குவது நம் வழக்கம். முறிந்த முதுகெலும்பின் சில்லு அந்த நொடியில் தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். விழுந்தபோது கால் அசைந்தது, மருத்துவமனை வந்தபோது அசையவில்லை என்றால், இடையில் அவரைத் தூக்கியது நாம்தான். தலை, கழுத்து, முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும்படி, ஒரு மரத்தடியை உருட்டுவதுபோல் நாலுபேர் ஒரே நேரத்தில் திருப்பிப் பலகையில் ஏற்ற வேண்டும். அதற்கு ஆளும் பலகையும் இல்லையேல், தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108 வரும்வரை காத்திருப்பதே நாம் செய்யும் பேருதவி. அந்த ஊர்தி 2008 முதல் தமிழகத்தில் ஓடுகிறது.

கட்டு வைத்தியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களை ஏளனம் செய்ய நாங்கள் உடன்படமாட்டோம். எலும்பு முறிவு மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவரான இங்கிலாந்தின் ஹியூ ஓவன் தாமஸ், தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டிய குடும்பத்தில் வந்தவர். அவர் வகுத்த தாங்குகட்டை, முதல் உலகப்போரில் தொடை முறிந்த வீரர்களின் சாவைப் பெருமளவு குறைத்தது. மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவது தவறன்று. கட்டிய பிறகு விரலைப் பாராமல் விடுவதே தவறு. இது ஆஸ்பத்திரி மாவுக்கட்டுக்கும் பொருந்தும். கட்டுக்கு வெளியே தெரியும் நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் இரத்தம் திரும்ப வேண்டும். விரல் சில்லிட்டாலோ, நீலம் பாய்ந்தாலோ, மதமதத்தாலோ, விரலை மெல்ல நிமிர்த்தும்போது உயிர்போகும் வலி எடுத்தாலோ, 'விடியட்டும்' என்று இருக்கக்கூடாது. உள்ளே வீங்கிய தசை தன் இரத்த ஓட்டத்தைத் தானே நெரித்துக்கொண்டிருக்கிறது. ஆறு மணி நேரம் போனால் அந்தத் தசை மீள்வது அரிது. கட்டிய அன்றிரவு வீட்டில் விழித்திருப்பவர் இதை அறிந்திருந்தால் ஒரு கை பிழைக்கும். அரிக்கிறது என்று கட்டுக்குள் குச்சியை விடும் தம்பிமார்களைக் கண்காணிப்பதும் அவர் வேலையே!

மருத்துவமனைப் பார்வைக்குச் சென்றபோது, காலில் எடைகட்டி இழுத்து வைத்திருந்த ஒருவரின் மனைவி, "பாவம், இழுக்குதே" என்று அந்த எடையைத் தூக்கி முக்காலிமேல் வைத்திருந்ததைக் கண்டோம். எடை அந்தரத்தில் தொங்கினால்தான் எலும்பு நேராக நிற்கும் என்பதை அவருக்கு யார் சொன்னார்கள்? அந்த வார்டில் அத்தனை கட்டிலுக்கும் இருந்த ஒரே செவிலியக்கா ஊசி போடவே ஓடிக்கொண்டிருந்தார். அவரை நாங்கள் குறைசொல்ல மாட்டோம்.

ஆகவேதான் சொல்கிறோம். எலும்பை ஒட்டவைப்பது மருத்துவர் வேலையாக இருக்கலாம். ஒட்டிய எலும்போடு ஆளை நடக்கவைப்பது வீட்டில் உள்ளவர் வேலை. தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அவர்கள் வந்துபோன பிறகு மிச்சமிருக்கும் நாட்களுக்கு யார் பொறுப்பு? இந்தப் பாடம் செவிலியப் பிரிவு மாணவியருக்கு மட்டும் உரியதாக ஏன் இருக்க வேண்டும்? கணிதப் பிரிவுத் தோழியருக்குப் பாட்டி இல்லையா? ஒன்பதாம் வகுப்பிலேயே ஆளைத் திருப்பவும், நகத்தை அழுத்திப் பார்க்கவும், விழுந்தவரைத் தூக்காமல் இருக்கவும் எல்லோருக்கும் பழக்கலாம். ஆண்கள் பள்ளியிலும் பழக்க வேண்டும். மரத்தடிபோல் உருட்ட நாலுபேர் வேண்டும் என்று சொன்னோமே, எந்த வீட்டில் நாலு பெண்கள் சும்மா இருக்கிறார்கள்? அண்ணன் தம்பியர் வந்து கைகொடுக்கட்டும்.

நம் எலும்பையும் மறந்துவிட வேண்டாம், தோழியரே. ஏறத்தாழ முப்பது வயதுவரைதான் எலும்பில் சுண்ணாம்புச் சத்து சேரும். மாதவிடாய் நின்ற பிறகு செலவு மட்டுமே. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கூழ் என்றால் முகம் சுளிப்பவர்கள் அம்மாச்சியின் இடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

சந்தைக்கு மறுபடி போனபோது, பள்ளியின் தச்சுக் கொட்டகையில் கிடந்த இரண்டு குட்டை முக்காலிகளைத் தலைமையாசிரியையின் அனுமதியோடு எடுத்துச் சென்றோம். மேலே சாக்கை மடித்துத் தைத்திருந்தோம். ஆத்தா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாத்திரை கொண்டாருவீகன்னு பாத்தேன்" என்றார். அடுத்த வாரம் ஒரு முக்காலியில் அவர் உட்கார்ந்து பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார். மற்றொன்றில் அவருடைய தூக்குவாளி உட்கார்ந்திருந்தது. விரல் மடங்காத அந்த அக்காவைக் காணோம். கேட்டோம். பெரியகுளத்துக்குப் போயிருக்கிறாராம்.